வெறுங்கையோடு துணைக்கு நிற்பவர்களால் ஓர் உயிரைக் காப்பாற்ற முடியுமா?

போர் நடக்கும் இடங்களில் வெளிநாட்டுத் தொண்டர்கள் ஆயுதம் எதுவும் இல்லாமல் மக்களோடு தங்கிப் பாதுகாப்புக் கொடுக்கிறார்களே, உண்மையிலேயே அதனால் பலன் உண்டா, இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நான் மூன்று மாதம் பாலஸ்தீனத்தின் மேற்குக் கரைக்குப் போனால் யாருக்காவது பயன்படுவேனா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வரிகளை இரண்டு மூன்று தடவை வாசித்தேன். இதற்குள் வேறொரு கேள்வியும் இருக்கிறது. துப்பாக்கிக்காரனைத் தயங்க வைப்பது பக்கத்தில் நிற்கும் மனிதனா, அவன் சட்டைப்பையில் இருக்கும் பாஸ்போர்ட்டா? பாஸ்போர்ட்தான் என்றால், என் பாஸ்போர்ட்டுக்கு அந்த வலு இருக்கிறதா? நீங்கள் கேட்க வந்தது இதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் இலங்கையின் கிழக்கே உள்ள மட்டக்களப்பு மாவட்டத்துக்காரன். போர்நிறுத்தக் காலத்தில், 2003இன் கடைசியிலிருந்து சுமார் நான்கு வருடங்கள், இப்படியான ஒரு வெளிநாட்டுக் குழுவுக்கு மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். பிறகு வேறு நாடுகளுக்குப் போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் பல வருடங்கள் போயின. மேற்குக் கரையை நேரில் பார்த்தவன் இல்லை. அங்கே இருந்துவிட்டு வந்தவர்களோடு நிறையப் பேசியிருக்கிறேன், அவர்கள் எழுதிய அறிக்கைகளை வாசித்திருக்கிறேன், அவ்வளவுதான். கிழக்கைப் பற்றி நான் சொல்வதற்கு ஒரு கனம் கொடுங்கள், மற்ற இடங்களைப் பற்றிச் சொல்வதற்குக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள்.

இந்த வேலை எப்படிப் பலிக்கிறது என்பதற்குக் மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவைத்தான் நான் முதலில் சொல்வது வழக்கம். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பத்தினர் 1984இல் அங்கே ‘காம்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். நாட்டை ஆண்டது இராணுவம். 1985 மார்ச்சில் ஆட்சித் தலைவரான ஜெனரல் மெஹியா விக்தோரெஸ் அந்தச் சங்கத்தை வெளிப்படையாகச் சாடினார். அந்த மாதக் கடைசியிலேயே அதன் தலைவர்களில் ஒருவரான எக்தோர் கோமெஸ் கொல்லப்பட்டார். சில நாட்களில் ரொசாரியோ கோதோய் என்ற இளம்பெண் தன் தம்பியோடும் சிறு மகனோடும் பிணமாகக் கிடந்தார். மிஞ்சிய பெண்களோடு ‘பீஸ் பிரிகேட்ஸ் இன்டர்நேஷனல்’ அமைப்பின் தொண்டர்கள் இரவு பகலாகக் கூடவே இருக்கத் தொடங்கினார்கள். பஸ்ஸில், சந்தையில், வீட்டுத் திண்ணையில், எங்கும். அதற்குப் பிறகு அந்தத் தலைவர்களில் எவரும் கொல்லப்படவில்லை. அவர்களில் ஒருவரான நினெத் மொன்தெநெக்ரோ பின்னாளில் நாடாளுமன்றத்துக்கே தேர்வானார். தொண்டர்களின் வீட்டுக்குள் 1989இல் குண்டு எறிந்தார்கள், அதே வருடம் மூன்று தொண்டர்களைக் கத்தியால் குத்தினார்கள். ஆனாலும் அவர்கள் கிளம்பவில்லை.

அந்தத் தொண்டர்களிடம் இருந்தது ஒரு நோட்டும் ஒரு தொலைபேசியும். அந்தத் தொலைபேசிக்குப் பின்னால் பல நாடுகளில் ஆட்கள் காத்திருந்தார்கள். ஒரு தகவல் போனால் சில மணி நேரத்தில் குவாத்தமாலா அரசுக்குத் தந்திகள் குவியும், தூதரகங்கள் விசாரிக்கும், உதவிப்பணம் கொடுக்கும் நாட்டின் நாடாளுமன்றத்தில் யாராவது எழுந்து கேட்பார். சுடப்போகிறவனுக்கு இதெல்லாம் தெரிய வேண்டியதில்லை. அவனுக்குக் கட்டளை இடுகிறவனுக்குத் தெரிந்தால் போதும். சுடுகிறவனிலிருந்து அவனுடைய அதிகாரி, அவருக்கு மேலே தளபதி, அதற்கும் மேலே அமைச்சர், அவர் முகம் கொடுக்க வேண்டிய வெளிநாடு என்று ஒரு சங்கிலி போகிறது. அது அறாமல் இருக்கும் இடத்தில் வெறுங்கையோடு நிற்பவருக்கும் பலம் உண்டு. ஒரு கண்ணி அறுந்தாலும், அந்த இடத்தில் நிற்பவர் இன்னொரு உடம்பு மட்டுமே.

இது வெள்ளைக்காரர் கண்டுபிடித்த வேலை என்று நினைத்துவிடாதீர்கள். வினோபா 1957இல் தொடங்கிய சாந்தி சேனை, கலவரம் நடக்கும் தெருக்களில் ஆயுதமின்றிப் போய் நின்றது. அதில் உழைத்த நாராயண் தேசாய்தான் 1981இல் கனடாவில் பீஸ் பிரிகேட்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்த அமைப்பு 1989இல் இலங்கைக்கு வந்தது. தெற்கில் ஜே.வி.பி. என்ற சிங்கள இடதுசாரிக் கட்சியின் கிளர்ச்சியும் அரசின் அடக்குமுறையும் உச்சத்தில் இருந்த நேரம் அது. காணாமல் போனவர்களுக்காக ஆட்கொணர்வு மனுப் போட்ட சட்டத்தரணிகளே கொல்லப்பட்டுக் கொண்டிருந்தார்கள். கொழும்பில் உயிரோடிருந்த சட்டத்தரணிகள் துணை கேட்டார்கள். கேட்டவர்கள் இந்த நாட்டுக்காரர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. அப்போது படுவான்கரை விடுதலைப் புலிகள் இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. கோயில் திருவிழாவுக்குப் போன மூன்று பொடியன்மாரை வழியில் வைத்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மூத்தவனுக்குப் பதினாறு வயது. மூன்று தாய்மாரும் முகாமுக்குப் போய்ப் பிள்ளைகளைக் கேட்கப் போகிறோம், துணைக்கு வரமுடியுமா என்று எங்களிடம் வந்தார்கள். பிலிப்பைன்ஸ்காரி ஒருவர், ஜெர்மன்காரர் ஒருவர், நான் என்று மூன்று பேர் போனோம். முகாமுக்கு எதிரே ஒரு புளியமரம். காலை எட்டு மணியிலிருந்து அதன் கீழே இருந்தோம். ஒரு அம்மாவின் மடியில் ஒரு சொப்பின் பை, அதற்குள் மகனின் பிறப்புச் சான்றிதழ். வியர்வை பட்டுவிடும் என்று கையைத் துடைத்துத் துடைத்துத்தான் அந்தப் பையைத் தொடுவார். முகாம் பொறுப்பாளர் வெளியே வந்தால் என்ன பேச வேண்டும் என்று கேட்கச் சொன்னார் ஜெர்மன்காரர். நான் கேட்டேன். அந்த அம்மா சொன்னார்: “ஒண்டும் கதைக்க வேணாம் மனே. பக்கத்தில இரிங்க, அது காணும்.”

இரண்டு மணிக்குப் பொறுப்பாளர் வந்தார். தாய்மாரைப் பார்க்கவில்லை. வெளிநாட்டுக்காரர் இரண்டு பேரையும் பார்த்து, நீங்கள் ஏன் வந்தீர்கள் என்று என்னிடம் கேட்டார். இந்த அம்மாமார் கூப்பிட்டார்கள், வந்தோம் என்றேன். அவர் ஒரு கொப்பியை எடுத்துப் பிள்ளைகளின் பெயர்களை எழுதினார். அதற்கு முன் மூன்று தடவை அதே தாய்மார் தனியே போனபோது பெயர்கூடக் கேட்காமல் துரத்தியிருந்தார்கள். ஒன்பது நாள் கழித்து ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்தான். மற்ற இரண்டு பேரும் வரவில்லை. சொப்பின் பை அம்மாவின் மகன் அந்த இரண்டு பேரில் ஒருவன்.

நீங்கள் கேட்ட பலன் என்ற சொல்லை வைத்து இதை எடைபோட்டுப் பாருங்கள். எங்கள் எதிரில் அந்தத் தாய்மாரை யாரும் அடிக்கவில்லை, பெயர்கள் எழுதப்பட்டன, இவை நான் உறுதியாகச் சொல்லக்கூடியவை. அந்த ஒரு பிள்ளை திரும்பி வந்தது எங்களால்தான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. பிள்ளைகளைச் சேர்ப்பதைப் பற்றி யுனிசெஃப் அப்போது இயக்கத்துக்கு விடாமல் அழுத்தம் கொடுத்துக்கொண்டிருந்தது. பையனுக்கு உடம்புக்கு முடியாமல் போயிருக்கலாம். உள்ளே ஒரு உறவுக்காரன் இருந்திருக்கலாம். நடக்காமல் போன கொலையை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது என்பது இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் உள்ள கஷ்டம். ஆகையால் இத்தனை ஆயிரம் பேரைக் காப்பாற்றினோம் என்று துண்டுப்பிரசுரம் அடிக்கிற அமைப்பைக் கண்டால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். அப்படியென்றால் எல்லாம் பிரமையா என்று கேட்டால், குவாத்தமாலாவையும் கொழும்புச் சட்டத்தரணிகளையும் எங்கள் புளியமரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, இல்லை என்றுதான் சொல்வேன்.

சங்கிலி அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் நாட்டையே காட்டலாம். 2008 செப்டம்பரில், வடக்கே போர் நடந்த வன்னியில் இருந்த ஐ.நா.வின் வெளிநாட்டு ஊழியர்களும் தொண்டு நிறுவனத்தாரும் வெளியேற வேண்டும் என்று அரசு சொன்னது. உங்கள் பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்பதுதான் சொன்ன காரணம். கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலக வாசலில் சனங்கள் திரண்டு, போகாதீர்கள், எங்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்று மன்றாடினார்கள். வாகனங்கள் போய்விட்டன. அதற்குப் பிறகு 2009 மே வரைக்கும் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஐ.நா. தன்னுடைய நடத்தையைத் தானே விசாரித்து 2012இல் வெளியிட்ட அறிக்கையும் அதைத் தோல்வி என்றே சொன்னது. அந்த வாசலில் நின்ற சனங்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு பாடமும் தேவைப்படவில்லை. வெளிநாட்டுக்காரன் இருக்கும்வரைதான் பார்க்கிற கண் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அரசுக்கும் தெரியும். ஒன்று பெரிதாக நடக்கப்போகிறது என்றால் முதலில் சாட்சிகளை வெளியேற்றுவார்கள். 1998இல் பீஸ் பிரிகேட்ஸ் இலங்கையிலிருந்து போனதும், அரசு போட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டால் சுயமாக வேலை செய்ய முடியாது என்பதால்தான். மேற்குக் கரையின் ஹெப்ரோன் நகரத்தில் இருந்த பன்னாட்டுக் கண்காணிப்புக் குழுவின் அனுமதியை இஸ்ரேல் 2019இல் புதுப்பிக்காமல் விட்டது. இந்த வேலையை நிறுத்தத் துப்பாக்கி தேவையில்லை, விசா அலுவலகமே போதும்.

சங்கிலி இருந்தும் மேலே இருப்பவருக்கு அக்கறை இல்லாவிட்டால் தொண்டரே பலியாவார். ரேச்சல் கோரி என்ற இருபத்துமூன்று வயது அமெரிக்கப் பெண் 2003 மார்ச் 16 அன்று காசாவின் ராஃபாவில் ஒரு வீட்டை இடிக்கவந்த புல்டோசருக்கு முன்னால் நின்று இறந்தார். அவருடைய பெற்றோர் போட்ட வழக்கை ஹைஃபா நீதிமன்றம் 2012இல் தள்ளுபடி செய்தது. அதே 2003 ஏப்ரலில், அதே ராஃபாவில், பிள்ளைகளைச் சூட்டிலிருந்து விலக்கிக்கொண்டிருந்த டாம் ஹர்ண்டால் என்ற பிரிட்டிஷ் இளைஞர் தலையில் சுடப்பட்டு, ஒன்பது மாதம் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவருடைய குடும்பம் விடாமல் போராடியதில் சுட்ட சிப்பாய்க்கு 2005இல் எட்டு வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. 2024 செப்டம்பர் 6 அன்று, மேற்குக் கரையின் பெய்தா ஊரில், இருபத்தாறு வயதான அய்ஷெனூர் எஸ்கி எய்கி சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் துருக்கிய அமெரிக்கர், அங்கே போய்ச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. நீங்கள் போக நினைக்கும் இடம் இதுதான். அமெரிக்கப் பாஸ்போர்ட் இருந்தும் அவருக்கு அது கவசமாகவில்லை.

ஆனால் அதே மேற்குக் கரையில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. ஹெப்ரோனுக்குத் தெற்கே மலைப்பகுதியில் தூபா என்ற சிறு குடியிருப்பு. அங்குள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அத்-துவானி ஊரில். நேர்வழி மாஓன் என்ற யூதக் குடியேற்றத்துக்கும் அதையொட்டி முளைத்த இன்னொரு குடியிருப்புக்கும் நடுவே போகிறது. குடியேறியவர்கள் கல்லால் எறிவார்கள், அடிப்பார்கள். அதனால் பிள்ளைகள் மலையைச் சுற்றிக்கொண்டு வெகுதூரம் நடந்தார்கள். 2004இல் கிறிஸ்டியன் பீஸ்மேக்கர் டீம்ஸ் தொண்டர்களும் இத்தாலியத் தொண்டர்களும் பிள்ளைகளோடு நேர்வழியில் நடக்கத் தொடங்கினார்கள். செப்டம்பர் 29 அன்று, முகத்தை மூடிக்கொண்டு வந்தவர்கள் சங்கிலியாலும் தடியாலும் இரண்டு அமெரிக்கத் தொண்டர்களைக் கடுமையாகத் தாக்கினார்கள். ஒருவரின் நுரையீரலில் காயம், மற்றவருக்குக் கை முறிந்தது. பிள்ளைகள் ஓடித் தப்பினார்கள். செய்தி உலகமெல்லாம் போனது. அதற்குப் பிறகு, இஸ்ரேல் நாடாளுமன்றத்தின் சிறுவர் உரிமைக் குழு தலையிட்டு, அந்தப் பிள்ளைகளுக்கு இராணுவமே காவல் போக வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. பாலஸ்தீனப் பிள்ளைகள் அடிபட்ட காலமெல்லாம் அசையாதது, இரண்டு அமெரிக்கர் அடிபட்டதும் அசைந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது. அந்த ஏற்பாட்டையும் கண்ணை மூடி நம்ப முடியவில்லை. ஜீப் நேரத்துக்கு வராது, வந்தாலும் பாதிவழியில் நின்றுவிடும். ஆகவே தொண்டர்கள் குன்றின்மேல் நின்று, எத்தனை மணிக்கு ஜீப் வந்தது, பிள்ளைகள் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்று ஒவ்வொரு பள்ளி நாளும் எழுதிவைத்தார்கள். வீரமாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை. என் கணக்கில் இந்த வேலையின் முக்கால்பங்கு அதுதான்.

பாஸ்போர்ட்டுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் வேலை செய்த ‘நான்வயலன்ட் பீஸ்போர்ஸ்’ போன்ற அமைப்புகள், வெள்ளைத் தோலையும் பணக்கார நாட்டின் பாஸ்போர்ட்டையும் மட்டும் நம்பி வேலை செய்யக்கூடாது என்று தொடக்கத்திலேயே ஆசிய, ஆப்பிரிக்க நாட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டன. புளியமரத்தின் கீழே பொறுப்பாளர் அதிகம் பேசியது ஜெர்மன்காரரோடு அல்ல, பிலிப்பைன்ஸ்காரியோடு. உங்கள் நாட்டிலும் இப்படித்தானா என்று கேட்டார். தென்சூடானில் 2014 ஏப்ரல் 17 அன்று போர் (Bor) என்ற ஊரில் இருந்த ஐ.நா. முகாமுக்குள் ஆயுதக்காரர்கள் புகுந்து பலரைக் கொன்றார்கள். அந்த அமைப்பைச் சேர்ந்த இரண்டு பேர் பெண்களும் பிள்ளைகளுமாகப் பதினான்கு பேரோடு ஒரு மண்குடிசைக்குள் இருந்தார்கள். மூன்று தடவை வந்து, நீங்கள் மட்டும் வெளியே போங்கள் என்றார்கள். மூன்று தடவையும் அடையாள அட்டையைக் காட்டி, நாங்கள் பாதுகாப்புக்கு வந்தவர்கள், போகமாட்டோம் என்றார்கள். உள்ளே இருந்த அத்தனை பேரும் பிழைத்தார்கள். அந்த நேரத்தில் தொலைபேசி எடுத்து எந்தத் தூதரகத்துக்கும் சொல்ல அவகாசம் இருந்திருக்காது. அங்கே வேலை செய்தது நான் மேலே சொன்ன சங்கிலி மட்டும் என்று நான் நம்பவில்லை. வேறு என்ன என்பதில் அறிஞர்களே ஒத்துப்போகவில்லை. அந்த இரண்டு பேரும் பயத்தைக் காட்டாமல் மரியாதையாகப் பேசியதும், வந்தவர்களுக்கு அவர்கள் எதிரியாகத் தெரியாததும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

ஆகவே இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் பயனில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மேற்குக் கரையில் இஸ்ரேல் இராணுவத்தைத் தயங்க வைப்பது பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பியத் தலைநகரங்களின் பேச்சு. டெல்லி உங்களுக்காக எவ்வளவு குரல் கொடுக்கும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்படவும் வாய்ப்பு உண்டு. அதிகாலை நான்கு மணிக்குச் சோதனைச்சாவடியில் நின்று எத்தனை பேர் கடந்தார்கள், எத்தனை பேரைத் திருப்பினார்கள் என்று எண்ணி எழுத எந்தப் பாஸ்போர்ட்டாக இருந்தாலும் சரி. ஆனால் கைகலப்பு நடக்கும் இடத்தில் குடியேறியவருக்கும் ஆடு மேய்ப்பவருக்கும் நடுவே நிற்பது வேறு வேலை. அங்கே உங்களால் இன்னொருவருக்கு ஆபத்து வராது என்று உறுதியாகத் தெரியாமல் இறங்கக்கூடாது.

இதை நான் அனுபவத்தில்தான் கற்றேன். பிள்ளையை இழந்த ஒரு வீட்டுக்கு நாங்கள் போனபோது, எங்கள் வெள்ளை வாகனத்தை அவர்களின் படலைக்கு நேரே நிறுத்தினோம். தேத்தண்ணி குடித்தோம், ஒரு மணி நேரம் கதைத்தோம். அன்று இரவு நான்கு பேர் வந்து, வெள்ளைக்காரனுக்கு என்ன சொன்னாய் என்று அந்தத் தகப்பனை முற்றத்தில் முழங்காலில் இருத்தி அடித்தார்கள். காலையில் அவருடைய மனைவி என் வீட்டுக்கு வந்து, இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் போய்விட்டார். வாகனத்தை அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னவன் நான். அதற்குப் பிறகு ஒரு மைல் தள்ளி நிறுத்திவிட்டுச் சைக்கிளில் போனோம், அதுவும் அவர்கள் கூப்பிட்டால் மட்டும். வெளிநாட்டுக்காரன் மூன்று மாதத்தில் விமானம் ஏறுவான். துணை கேட்டவர்களுக்கும் மொழிபெயர்த்தவனுக்கும் ஏறுவதற்கு விமானம் இல்லை.

கொழும்புச் சட்டத்தரணிகளே துணை கேட்டார்கள் என்று முன்பு சொன்னேன் அல்லவா, அது இதற்காகத்தான். நீங்கள் போகும் அமைப்பை அந்த ஊர்க்காரர் அழைத்தார்களா, அழைத்தது யார் என்று முதலில் விசாரியுங்கள். ஊர் சார்பில் பேசுகிறேன் என்று ஒரு ஆள் மட்டும் சொன்னால் போதாது. நீங்கள் எழுதும் குறிப்பு மாலையில் யார் கைக்குப் போகிறது, ஆபத்து வந்தால் எந்த எண்ணை அழைப்பீர்கள், அந்த எண்ணை எடுக்கிறவர் அதற்குமேல் யாரை அழைப்பார் என்று கேளுங்கள். இதற்குத் தெளிவான பதில் இல்லாவிட்டால் போகாதீர்கள். ஒன்றிரண்டு வாரப் பயிற்சியாவது கொடுக்கிறார்களா, பயிற்சி முடிந்த பிறகு நீங்கள் பொருத்தமில்லை என்று சொல்லும் துணிவு அவர்களுக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். மேற்குக் கரைக்கு இப்படித் தொண்டர்களை அனுப்ப உலகத் திருச்சபைகள் மன்றம் 2002இலிருந்து நடத்தும் திட்டத்தில் மூன்று மாதத் தங்கல்தான் வழக்கம். ஆகவே உங்கள் மூன்று மாதம் குறைவில்லை. ஆனால் அதற்கு முன் ஆறு மாதம் அரபு படியுங்கள். எண்கள், நேரம், உறவுமுறைப் பெயர்கள், “பக்கத்தில் இருக்கிறேன்” என்று சொல்ல ஒரு வசனம், இவை முதலில். வீட்டில் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். எய்கியைப் பற்றி மேலே எழுதிய வரிகளையும் சேர்த்து அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டு, பிறகு விண்ணப்பத்தை எடுங்கள்.